வாக்ஸா, செராமிக் கோட்டிங்கா? உப்புத் தண்ணீர் ஊரில் ஓர் ஒப்பீடு

புதுக் கார் எடுப்பவரிடம் இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், மிதியடி ஆகியவற்றின் கணக்கை முடித்த கையோடு ஷோரூமில் கேட்கப்படும் அடுத்த கேள்வி, "பெயின்ட்டுக்கு என்ன சார் போடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னோம். நானும் என் மைத்துனரும் சில மாத இடைவெளியில், ஒரே மாடலை ஒரே அடர்சாம்பல் நிறத்தில் எடுத்தோம். அவர் வண்டிக்குச் செராமிக் கோட்டிங் செய்துகொண்டார். நான் ஒரு டப்பா வாக்ஸும், செயற்கைப் பாலிமர் பூச்சான சீலன்ட் ஒரு பாட்டிலும் வாங்கி, இன்றுவரை கையாலேயே பூசிவருகிறேன். திருவான்மியூரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம் என்பதால் இரண்டு வண்டிகளும் ஒரே கார் பார்க்கிங்கில் நிற்கின்றன. ஒரே போர் தண்ணீரில் குளிக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான சூழ்நிலை அமைவது கடினம். என் சாய்வு வாக்ஸ், சீலன்ட் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு விலையைவிடத் தண்ணீரே பெரிய காரணம்.

எதைக் காக்கிறோம் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கார்களில் தகட்டின் மேல் நான்கு அடுக்குகள் உண்டு: துருவைத் தடுக்க மின்சாரத்தின் உதவியோடு படியவைக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் வரை வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே. மனிதத் தலைமுடியின் பருமன்கூட ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். வண்டியின் பளபளப்பும், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் சேர்மங்களும் இந்த மெல்லிய அடுக்கில்தான் இருக்கின்றன. ரப்பிங்கும் பாலிஷும் ஒவ்வொரு முறையும் இதைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைக்கின்றன. வாக்ஸ், சீலன்ட், செராமிக், பிபிஎஃப் என்ற ஒட்டுப் படலம் ஆகிய நான்கும் இதன்மேல் ஏறி உட்காருகின்றன. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ஷோரூம்களில் சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்துதரும் டெஃப்லான் கோட்டிங்கை நான் போட்டிக்குள்ளேயே சேர்க்கவில்லை. டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ, 327 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க அதற்கும் மேற்பட்ட சூட்டில் வேகவைக்கிறார்கள். கார் பானெட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே அந்தப் பெயரில் வண்டிக்குப் பூசப்படுவது நடைமுறையில் ஒரு சீலன்ட்டின் வேலையைத்தான் செய்கிறது. அதே தரமுள்ள சீலன்ட்டை பாட்டிலாக வாங்கினால் பல முறை பூசிக்கொள்ளலாம்.

பிபிஎஃப் எனப்படும் ஒட்டுப் படலத்துக்கு வருவோம். இது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேனால் ஆனது. 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் சரளையும் அரிக்காமல் காப்பதற்காக உருவான தொழில்நுட்பத்தின் வழிவந்தது என்பதால், பறந்துவரும் கல்லைத் தாங்குவதுதான் இதன் பிறவிக்குணம். எம்-சாண்ட் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் நாள்தோறும் ஜிஎஸ்டி சாலையில் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாக்ஸோ செராமிக்கோ கல்லடியிலிருந்து காப்பதில்லை. காக்கும் என்று யாராவது சொன்னால் அவர் விற்பனைப் பிரிவில் இருப்பவர் என்று பொருள். ஆனால் வண்டி முழுவதும் ஒட்ட ஒரு லட்சம் ரூபாய் அளவிலும், நல்ல தரத்தில் அதற்கு மேலும் ஆகிறது. நான் நெருக்கமாகப் பார்த்தது அலுவலக நண்பர் ஒருவர் பானெட்டிலும் முன் பம்பரிலும் மட்டும் ஒட்டியிருக்கும் படலத்தைத்தான். படலத்தின் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடாக அழுக்குச் சேர்வதைத் தவிர அதில் இதுவரை குறை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அதற்குமேல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

ஆகவே உண்மையான போட்டி செராமிக்குக்கும் வாக்ஸ், சீலன்ட் கூட்டணிக்கும் இடையில்தான்.

செராமிக் கோட்டிங் என்றதும் பீங்கான் ஓடு போன்ற ஒரு கவசத்தைப் பலரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். சிலிக்கா சார்ந்த ரெசின் திரவத்தைப் பூசி, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுக விடுகிறார்கள். இறுகிய பிறகு அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான் அளவே இருக்கும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் '9எச்' என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில் முனைகளைப் பூச்சின்மேல் அழுத்தி இழுத்து, எதுவரை கீறல் விழவில்லை என்று பார்க்கும் சோதனை அது. 9எச் அந்த வரிசையின் உச்சம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தெருப் புழுதியில் இருக்கும் மணல், மோஸ் அளவுகோலில் 7 என்ற இடத்திலுள்ள குவார்ட்ஸ். எந்தப் பென்சிலையும்விடக் கடினமானது. எனவே புழுதியோடு சேர்த்துத் துணியால் இழுத்தால் 9எச் பூச்சிலும் கீறல் விழும். விழுந்தும் இருக்கிறது.

இதைச் சொன்ன பிறகு அதன் நிறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் ஓராண்டில், மழை பெய்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் மைத்துனரின் வண்டிதான் பார்க்க அழகாக இருந்தது. தண்ணீர் அதன்மேல் நிற்காமல் உருண்டோடும். ஓடும்போதே புழுதியையும் பெருமளவு கூட்டிச் சென்றுவிடும். ஷாம்பூ போட்டுக் கழுவும்போது கை வழுக்கிக்கொண்டு போகும். காரத்தன்மையுள்ள ஷாம்பூவால் வாக்ஸ் விரைவில் கரைந்துபோகும். செராமிக் அதற்கு அசைவதில்லை. புறா எச்சத்துக்கும் வாக்ஸைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் மே மாத வெயிலில் எச்சத்தை மாலைவரை விட்டுவைக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை, எந்தப் பூச்சிலும் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு டப்பாவைத் திறக்கும் வேலையே இல்லை என்பதும் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகிறவர்களுக்குச் சிறிய விஷயம் அன்று.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

இந்தியத் தரநிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் பார்க்கிங் குழாயில் வரும் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை நனைத்தால் எண் எப்போதும் நான்கு இலக்கத்தில்தான் நிற்கும். கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. வாளியின் உட்புறம் வெளுத்துப் போவதையும், குளியலறைக் குழாயின் வாயில் சுண்ணாம்பு படிவதையும் நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் அதே தண்ணீர் காரின்மேல் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. டிடிஎஸ் 1000 என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் காயும்போது ஒரு கிராம் உப்பு எஞ்சும். கழுவி முடித்த காரின் மேற்பரப்பில் கால் லிட்டர் தண்ணீர் தங்கியிருந்தால், துடைக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் கால் கிராம் உப்பை அதன்மேல் காயவைக்கிறோம்.

இங்கேதான் நீரை ஒட்டவிடாத தன்மையே எதிராக வேலை செய்யத் தொடங்குகிறது. பூச்சு எதுவும் இல்லாத பெயின்ட்டில் தண்ணீர் மெல்லிய விரிப்பாகப் பரவும். காய்ந்தால் மொத்தப் பரப்பும் லேசாக மங்கலாகத் தெரியும். நல்ல செராமிக் கோட்டிங்கின்மேல் அதே தண்ணீர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். சரிவான கதவில் உருண்டோடிவிடும்; கிடைமட்டமான பானெட்டிலும் கூரையிலும் டிக்கியிலும் நின்ற இடத்திலேயே காயும். அந்தத் துளியிலுள்ள உப்பு முழுவதும் சிறு வட்டத்துக்குள் செறிந்துபோய், ஓரம் தடித்த வளையமாகப் படியும். அடர்நிற வண்டியின் கூரை அக்கினி நட்சத்திர வெயிலில் 70 டிகிரியைத் தொட்டுவிடும் ஊரில், கழுவிவிட்டு ஷாமாய் துணியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் வளையம் உருவாகிவிடுகிறது.

படியும் உப்பு ஒரே வகையும் அன்று. சோடியம் குளோரைடாக இருந்தால் அடுத்த முறை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். கால்சியம், மக்னீசியம் கார்பனேட்டுகளாக இருந்தால் வெறும் தண்ணீருக்கு மசியாது. வினிகரைச் சரிபாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்தால் கரையும். மூன்றாவது வகைதான் தொல்லை. நிலத்தடி நீரில் சிறிதளவு கரைந்திருக்கும் சிலிக்கா காய்ந்து படிந்தால் அதற்கு வினிகர் ஒரு பொருட்டே அன்று. அதை எடுக்கப் பாலிஷ் தேவைப்படுகிறது. செராமிக் கோட்டிங்கின் அடிப்படையும் சிலிக்காதான் என்பதை நினைத்துப் பார்த்தால், பூச்சைத் தொடாமல் கறையை மட்டும் எடுப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பது புரியும்.

எங்கள் பார்க்கிங்கில் கிழக்குப் பக்கம் சுவர் இல்லை. காலை வெயில் மைத்துனர் வண்டியின் வலப்பக்கப் பின்கதவுக்கு மேலே, ஜன்னல் விளிம்பை ஒட்டிய பகுதியில் நேராக விழும். துடைத்த பிறகும் கண்ணாடி ரப்பரிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர் அந்த இடத்தில்தான் காய்கிறது. இரண்டாம் ஆண்டின் கோடையில், செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே மிளகு அளவிலும் பட்டாணி அளவிலும் வளையங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கின. வினிகர் கலவைக்குப் பாதி போயின, மீதி நின்றன. கோட்டிங் செய்த இடத்தில் காட்டியபோது, அந்தப் பகுதியை மெஷினில் பாலிஷ் போட்டால்தான் போகும், பாலிஷ் போட்டால் கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும், ஆகவே அந்தக் கதவுக்கு மட்டும் மறுபடி கோட்டிங் போட வேண்டும், உப்புக் கறை வாரன்டியில் வராது என்று சொன்னார்கள். சொன்னதில் தவறு எதுவும் இல்லை. வாரன்டி அட்டையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. பறவை எச்சம், மரப்பால், தண்ணீர்க் கறை மூன்றையும் விலக்கிவிட்டால் நம் ஊரில் பெயின்ட்டுக்கு வரும் தொல்லைகளில் வாரன்டிக்கு மிச்சமாவது மிகக் குறைவு என்பதை மட்டும் பணம் கட்டும் முன் யோசித்துக்கொள்வது நல்லது.

என் வண்டியில் அந்த வளையங்கள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. அதே வெயில், அதே தண்ணீர், அதே இடத்தில் வளையம். வாக்ஸும் தண்ணீரை உருண்டையாகத் திரட்டத்தான் செய்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வினிகருக்கு மசியாத கறையை, நைஸான பாலிஷைச் சிறு ஸ்பாஞ்சில் தொட்டுக் கையாலேயே தேய்த்து எடுக்கிறேன். அதோடு அந்த இடத்து வாக்ஸும் போய்விடும். போகட்டும். அங்கே மறுபடி ஒரு விரல் நுனியளவு வாக்ஸைத் தொட்டுப் பூசினால் வேலை முடிந்தது. செலவு காபித் தூளின் விலைகூட இல்லை, கோட்டிங் போடும் ஸ்டூடியோவில் நாள் வாங்கிக் காத்திருக்கவும் தேவையில்லை. உப்புத் தண்ணீர் ஊரில் மேல்பூச்சு என்பது அடிக்கடி இழக்க நேரும் ஒன்று. இழந்தால் வலிக்காத பூச்சே இங்கு உகந்தது என்பது என் முடிவு. கறை கிளியர் கோட்டுக்குள்ளேயே அரித்து இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் தோல்விதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு செய்தி பாலிஷைப் பற்றியது. செராமிக் போடுமுன் மேற்பரப்பிலுள்ள கீறல்களை மெஷினால் நீக்குவது வழக்கம்; இல்லாவிட்டால் கீறல்களும் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் உள்ளேயே தங்கிவிடும். நல்ல கையில் அது ஓரிரு மைக்ரானோடு முடியும். முரட்டு ரப்பிங் காம்பவுண்டும் அவசரக் கையும் சேர்ந்தால் அதைவிட அதிகம் போகும். கோட்டிங் காலம் முடிந்து மறுபடி போடும்போது மறுபடி மெஷின் ஓடும். பத்தாண்டு வைத்திருக்கப்போகும் வண்டியில், 40 மைக்ரான் இருப்பிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துக்கொண்டே போவது எனக்கு உவப்பாக இல்லை. வாக்ஸ் பூசுவதற்கு இந்தத் தேய்மானம் தேவைப்படுவதில்லை. கறை விழுந்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் கைப்பாலிஷ் போட்டால் போதும்.

உப்புக் கறைக்கு நான் கண்ட நல்ல மருந்து எந்தப் பாட்டிலிலும் வருவதில்லை. வீட்டு ஏசியின் குழாயிலிருந்து சொட்டுகிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து திரண்ட நீர் என்பதால் அதில் உப்பு அநேகமாக இருப்பதில்லை. சென்னையின் புழுக்கத்தில் இரவு முழுவதும் ஓடும் ஏசி, காலையில் ஒரு வாளியை நிறைத்துத் தருகிறது. போர் தண்ணீரில் ஷாம்பூ போட்டுக் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் இந்தத் தண்ணீரை மக்கில் மொண்டு கூரையிலிருந்து கீழ்நோக்கி ஊற்றிவிட்டால், துடைக்கத் தவறிய துளி காய்ந்தாலும் வளையம் விழுவதில்லை. ஏசியின் தட்டிலிருந்து பாசியும் தூசியும் வரும் என்பதால் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு செராமிக் வண்டிக்கும் அதே அளவு பயன்படும். மைத்துனரும் இப்போது வாளி வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வாக்ஸ் என்ற தலைப்பின் கீழேயே இரண்டு வகைகள் உண்டு. கார்னாபா வாக்ஸ், பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து சுரண்டி எடுக்கும் இயற்கை மெழுகு. தனியாக அது 82 முதல் 86 டிகிரியில் உருகும். கல்லைப் போல் கடினமாக இருப்பதால் அப்படியே பூச முடியாது. டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்த குழைவு. அதனால் அதன் தாங்கும் திறனும் குறைகிறது. கோடையில் அதன் ஆயுள் நான்கைந்து வாரம். மற்ற மாதங்களில் இரண்டு மாதம் ஓடலாம். சிந்தெடிக் சீலன்ட், செயற்கைப் பாலிமரால் ஆனது. பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தால் இங்கே மூன்று நான்கு மாதத்துக்குக் குறையாமல் நிற்கிறது. தோற்றத்தில் கார்னாபா ஆழ்ந்த, ஈரம் படிந்தாற்போன்ற மினுமினுப்பைத் தரும் என்பார்கள். கறுப்பு, அடர்சிவப்பு வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை வண்டியில் என்னால் வேறுபாடு காண முடிந்ததில்லை. ஆகவே புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறையும் பொங்கல் கழிந்து ஒரு முறையும் சீலன்ட், கோடைக்கு நடுவில் தேவைப்பட்டால் இன்னொரு முறை, அதன்மேல் ஆசைக்குக் கார்னாபா என்பது என் வழக்கம். புரட்டாசிச் சுற்று ஆயுத பூஜைக்கு முன்னால் முடிந்துவிடுவதில் ஒரு லாபமும் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமத்தைப் பானெட்டில் ஈரமாக வைத்து வெயிலில் விட்டால் வெறும் பெயின்ட்டில் சிவப்புத் தடம் தங்கிவிடும்; வாக்ஸின் மேலென்றால் மறுநாள் ஷாம்பூவோடு போய்விடுகிறது. நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் பொட்டு வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்வார் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பானெட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

பூசுவதில் பெரிய வித்தை இல்லை, ஆனால் அதற்கு முந்தைய சுத்தத்தில் இருக்கிறது. கழுவிக் காயவைத்த பானெட்டின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் உறைபோல் மாட்டிக்கொண்டு தடவினால், வெறும் கைக்குத் தெரியாத நறநறப்பு தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதையிலிருந்தும் பறந்துவந்து ஒட்டிய இரும்புத் துகள்களும், மரத்திலிருந்து விழுந்த பிசினும் அவை. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். இரும்புக்கு அயர்ன் ரிமூவர் தெளித்தால் துகள்கள் ஊதா நிறத்தில் கரைந்து வழியும், நாற்றம் சகிக்காது. மீதியை, பிசைந்த களிமண் போன்ற கிளே பாரில் ஷாம்பூ தண்ணீரின் வழுவழுப்போடு இழுத்தால் சில நிமிடங்களில் பை வழுக்கத் தொடங்கும். கிளே கீழே விழுந்துவிட்டால் ஒட்டிய மண்ணோடு மறுபடி உபயோகிக்காமல் தூர எறிந்துவிட வேண்டும். அதன் பிறகு நிழலில், தொட்டால் சுடாத தகட்டில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மெல்லிய பூச்சாகப் பூசி, வெள்ளையாகப் பூத்ததும் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடலாம். கனமாகப் பூசினால் அதிகம் காக்கும் என்பது இல்லை. துடைக்கும் கைதான் அதிகம் வலிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளைத் திட்டாக நின்று மாதக்கணக்கில் பல்லைக் காட்டும் என்பதால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்வது உத்தமம்.

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் அதைத் தின்றுதீர்ப்பது, விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் பார்க்கிங்கிலுள்ள எல்லாக் கார்களையும் துடைக்கும் ஏற்பாடுதான். முதல் வண்டியின் மணல் கடைசி வண்டிவரை பயணம் செய்கிறது. வெயிலில் வண்டியைப் பார்த்தால் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றித் தெரியும் சிலந்திவலைக் கீறல்கள் அங்கிருந்து வந்தவை. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளம் அந்த வேகத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. "அண்ணே, கண்ணாடியையும் உள்ளேயும் மட்டும் பாத்துக்குங்க, வெளியே நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, அதே சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்துவருகிறேன். மைத்துனர் வீட்டில் அந்த ஏற்பாடு எடுபடவில்லை, வண்டி தினமும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. அவர் கோட்டிங்கில் விழுந்த கீறல்களில் எவ்வளவு பங்கு பூச்சுக்கு, எவ்வளவு பங்கு துணிக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாததால், கீறல் விஷயத்தில் இந்த ஒப்பீட்டை நான் முழுமையாக நம்பவில்லை.

செலவு, எதிர்பார்க்கும் திசையிலேயே இருக்கிறது. தரத்தையும் வண்டியின் அளவையும் பொறுத்து செராமிக்குக்கு 15,000 முதல் 40,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். வாரன்டி உயிரோடிருக்க ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. வாக்ஸ், சீலன்ட், கிளே, துணிகள் எல்லாம் சேர்ந்து முதல் முறை சில ஆயிரங்களுக்குள் முடியும். ஒரு டப்பா வருடக்கணக்கில் வரும். மறுவிற்பனையில் செராமிக் சான்றிதழுக்குத் தனி விலை கொடுத்த பழைய கார் வியாபாரி யாரையும் நான் சந்தித்ததில்லை. அவர்கள் பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜை ஒவ்வொரு தகட்டிலும் வைத்து, எங்காவது மறுபெயின்ட் ஆகியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிபிஎஃப் ஒட்டிய வண்டியில் அந்தக் கேஜ் இரு மடங்குக்கும் மேலான எண்ணைக் காட்டும் என்பதால், விற்கும்போது பில்லைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் செராமிக் பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. மூடிய கராஜும், உப்பில்லாத தண்ணீரும், கையில் துணி எடுக்க நேரமில்லாத வாழ்க்கையும் ஒருசேர அமைந்தவருக்கு நான் செராமிக்கையே சொல்வேன். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியிலிருக்கும் என் சித்தப்பா மகன் வண்டியில் மூன்றாம் ஆண்டிலும் தண்ணீர் உருண்டோடுகிறது. வளையம் எதுவும் இல்லை. அடர்நிறம் அல்லாத வண்டியென்றால் கறை கண்ணில் படுவதும் குறைவு. மூன்றாண்டைத் தாண்டிய செராமிக் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் சொந்த அனுபவம் எதுவும் இல்லை.

மைத்துனரின் கோட்டிங்குக்கு இந்த ஆண்டு இறுதியில் காலம் முடிகிறது. மறுபடி போடலாமா, வாக்ஸுக்கு வந்துவிடலாமா என்று கேட்டார். மெஷினைத் தொடவிடும் முன் பானெட், கூரை, நான்கு கதவுகள் ஆகியவற்றில் கேஜ் வைத்து அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள் என்றேன். கேஜ் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. இருந்தாலும், எந்தத் தகட்டில் எண் மற்றவற்றைவிடக் குறைந்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு தோராயக் கணக்குக் கிடைக்கும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு முடிவு செய்வதாக இருக்கிறார்.